ஒயில் குடிக்கும் வண்டியும் மலை ஏறாத வொரண்டியும்

மடுல்சீமை டவுனிலிருந்து பசறைக்கு இறங்கும் ரோட்டில், முன்னால் போகிற ஓட்டோவைக் கவனித்துக்கொண்டே வந்தால் ஒன்று தெரியும். இறக்கம் முழுக்கச் சாதுவாக வந்த வண்டி, நடுவில் சின்னதாக ஒரு ஏற்றம் வந்து டிரைவர் எக்சலேட்டரை முறுக்கியதும், பின்னால் 'புஸ்' என்று ஒரு நீலப் புகையை விடும். அது பெற்றோல் எரிகிற நிறமில்லை, எஞ்சின் ஒயில் எரிகிற நிறம். "வண்டி ஒயில் குடிக்குது" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மனுசன் குடிக்கிறதைப் பற்றிப் பேசுகிற அதே சலிப்போடு.

பத்து வருசம் ஓடிய வண்டி குடித்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். வாங்கி அஞ்சு மாசம் ஆன வண்டி குடித்தால்? அதற்கும் இந்த நாட்டில் பதில் தயாராக இருக்கிறது: டிரைவர் சரியில்லை. நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தப் பதிலோடு சண்டை போடத்தான்.

முதலில் எங்களைப் பற்றி. நாங்கள் நாலு பேர். மூணு பேர் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்கள், ஒருத்தி பசறை. நாலு பேரும் கலைப்பீடம். எஞ்சினைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று பொறியியல் பீடத்து நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. எங்களுடைய தகுதி, நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு ஓட்டோ காசில்தான் கெம்பஸ் வந்தோம் என்பது மட்டும்தான்.

எங்களில் ஒருத்தியின் மாமா 2018இல் புத்தம்புது ஓட்டோ ஒன்றை லீசிங்கில் எடுத்தார். முற்பணத்தில் பெரும்பகுதி பாட்டியின் ஈபிஎஃப் காசு. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்த கையில் கடைசியாக வந்த மொத்தப் பணம் அது. வண்டி லயத்து வாசலுக்கு வந்த அன்றைக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பாட்டியைத்தான் முதலில் ஏற்றி டிவிசனை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். தோட்டத்தில் ஓட்டோ என்றால் ஆஸ்பத்திரி வண்டி, ஸ்கூல் வேன், சாமான் லொறி மூன்றும் அதுதான். ராத்திரி வலி எடுத்த பெண்ணைத் தோட்டத்து லொறியில் கொண்டுபோன கதைகளை எங்கள் அம்மாமார் இன்னும் சொல்வார்கள். அந்த லொறிக்குப் பதிலாகத்தான் இந்த ஓட்டோக்கள் வந்தன.

அஞ்சாம் மாசம் காலையில் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஊற்றினார். ஒரு வாரத்தில் மறுபடியும் கீழே. பதுளைக்குக் கொண்டுபோய் வண்டி எடுத்த இடத்தில் காட்டினார். சுற்றிப் பார்த்துவிட்டு, "லீக் ஒண்ணும் இல்ல. புது எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கும், அது சாதாரணம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? மாமா கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

இரண்டாம் தடவை போனபோது புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒரு சேர்விஸ் குறித்த கிலோமீற்றரைத் தாண்டிப் பிந்தி நடந்திருக்கிறது என்றார்கள். மார்கழி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்த நாட்கள் அவை, பதுளைக்கு எப்படிப் போவது என்று மாமா சொல்லிப் பார்த்தார். புத்தகத்தில் மண்சரிவுக்குக் கட்டம் இல்லை. மூன்றாம் தடவை வேறு காரணம். இடையில் புகை தாங்காமல், டவுனில் இருக்கிற பாஸிடம் காட்டி மேல் மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தார். "வெளியாள் கைவச்ச எஞ்சினுக்கு வொரண்டி கிடையாது." அத்தோடு கதை முடிந்தது. அதாவது வொரண்டியின் கதை.

வண்டியின் கதை இன்னும் இரண்டு மாசம் ஓடியது. மூச்சு முட்டல் வந்த ஒரு பெரியம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது, பசறைக்கு மேலே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரர் நிறுத்தி ஏற்றிப் போனார். பெரியம்மா பிழைத்தார், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு மாமாவுக்கு ராத்திரி ஹயர் கொடுக்க ஆட்கள் யோசித்தார்கள். லீசிங் கட்டணம் மட்டும் யோசிக்காமல் மாசம் மாசம் வந்தது. அத்தையின் தோடு அடகுக்குப் போனது, மாமா கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போனார்.

இனி எங்கள் வாதத்துக்கு வருகிறோம். ஒயில் ஏன் குறைகிறது என்பதை எங்களுக்கு விளங்கவைத்தது டவுன் பாஸ்தான், பீடத்து நண்பன் பிறகு சரிபார்த்துத் தந்தான். பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன. அவற்றில் கீழ் வளையத்தின் வேலை, சிலிண்டர் சுவரில் படிகிற ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது. அந்த வளையம் இறுகிக்கொண்டாலோ, தேய்ந்தாலோ, சுவரோடு சரியாகப் படியாவிட்டாலோ, ஒயில் மேலே ஏறிப் பெற்றோலோடு சேர்ந்து எரியும். வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீல் போனாலும் இதே கதை. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆகவே "லீக் இல்லை" என்பது பதிலே இல்லை. ஒழுகாமல் குறைகிறது என்றால் எரிகிறது என்று அர்த்தம்.

எங்களை ஆச்சரியப்படுத்தியது அடுத்த விசயம். இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்காமல் இருக்க, அனுபவமுள்ள டிரைவர்கள் கியரைப் போட்டு, எக்சலேட்டரை விட்டு, எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்ததைக் கண்டவர்கள் நாங்கள். எங்கள் ரோட்டில் நிதானமாக இறங்குகிறவனைத்தான் நல்ல டிரைவர் என்போம். ஆனால் அப்படி இறங்கும்போது, காற்று வழி மூடியிருப்பதால் எஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை கூடுகிறது. வளையமோ சீலோ கொஞ்சம் பலவீனமாக இருந்தால், அந்த விசை ஒயிலை மேலே இழுத்துவிடும். திரும்ப முறுக்கியதும் எரிந்து நீலப் புகையாக வரும். நாங்கள் ஆரம்பத்தில் சொன்ன 'புஸ்' அதுதான். தட்டையான ரோட்டில் ஓடுகிற வண்டியில் மாசக்கணக்கில் தெரியாமல் கிடக்கக்கூடிய ஒரு குறை, எங்கள் ரோட்டில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். மலை அந்தக் குறையை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கவுண்டரில் இருப்பவர் கண்ணுக்கு மலையில் ஓடியதுதான் குற்றம்.

இன்னொன்று கிலோமீற்றர். வொரண்டியும் சேர்விஸும் கிலோமீற்றரில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எஞ்சின் தேய்வது கிலோமீற்றரால் இல்லை, சுற்றால். டொப் கியரில் ஒரு கிலோமீற்றர் போக எஞ்சின் சுற்றுகிற அளவைவிட மிகக் கூடுதலாக, அதே தூரத்தை இரண்டாம் கியரில் ஏறினால் சுற்றும். முதலாம் கியர் என்றால் இன்னும் கூட. அதுவும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, காற்றால் மட்டுமே குளிர்கிற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் சேர்விஸை மணிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். ஏனென்றால் அவை தூரம் போகாமலே உழைக்கின்றன. எங்கள் ஓட்டோக்களும் பாதி அந்த ஜாதிதான். மடுல்சீமை மீற்றரில் ஓடிய ஆயிரம் கிலோமீற்றரும் பொலன்னறுவை மீற்றரில் ஓடிய ஆயிரமும் ஒன்று என்று நினைக்கிற புத்தகம், மலையைப் பார்க்காதவர்கள் எழுதிய புத்தகம்.

முழுக்கப் பார்க்காதவர்கள் என்றும் சொல்ல முடியாது. வாகனக் கம்பனிகளின் கைநூல்கள் பலவற்றில் 'கடினமான பாவனை' என்று ஒரு பகுதி இருக்கும். மலைப்பாதை, தூசி, பாரம் என்றால் ஒயிலைச் சீக்கிரமாக மாற்று என்று அங்கே சொல்லியிருப்பார்கள். அதாவது விசயம் அவர்களுக்குத் தெரியும். மாமாவின் புத்தகம் ஆங்கிலம், நடுவில் கொஞ்சம் சிங்களம். மாமா சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதி இத்தனை வருசம் ஆகிறது. வொரண்டி புத்தகம் அரசாங்கக் கடிதம் இல்லை, சரி. ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்துத்தானே ஒரு குடும்பத்தின் ஈபிஎஃப் காசைத் தள்ளுபடி செய்தீர்கள்?

'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்ற கேள்வியை வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள், பதிலும் வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டொயோட்டாவின் 2.4 லீற்றர் 2ஏஇசட் எஞ்சின் போட்ட கேம்ரி, ராவ்4 மாதிரிக் கார்கள் ஒயில் குடிக்கின்றன என்று சொந்தக்காரர்கள் வருசக்கணக்கில் முறையிட்டார்கள். கடைசியில் கம்பனி ஒரு அளவு வைத்தது. ஒயிலை நிரப்பி, சீல் வைத்து, 1200 மைல் ஓட்டிவிட்டு வா. ஒரு குவார்ட், அதாவது ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் குறைய, போயிருந்தால் பிஸ்டனையும் வளையத்தையும் மாற்றித் தருகிறோம். 2015இல் இதற்கென்றே வொரண்டியை நீட்டினார்கள். சுபாருவுக்கு எதிராக 2014இல் சொந்தக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2016இல் முடிந்த சமரசத்தில் 5 வருச எஞ்சின் வொரண்டி 8 வருசமானது.

அந்த அளவு ரொம்பத் தாராளமானது என்று அங்கேயும் ஆட்கள் திட்டினார்கள், அது வேறு. முக்கியம் என்னவென்றால், ஒரு எண் வந்தது. எண் வந்ததும் 'சாதாரணம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய முடியவில்லை. அங்கே கார் எஞ்சின் நாலு லீற்றர் பிடிக்கும். எங்கள் ஓட்டோ பிடிப்பது ஒரு லீற்றர் சொச்சம். அரை லீற்றர் குறைந்தால் காருக்கு அது எச்சரிக்கை, ஓட்டோவுக்கு அது பாதி உயிர். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனதற்கே எவ்வளவு மேடை, எவ்வளவு மாலை! நல்ல ஒயில் ஒரு லீற்றர் வாங்க அந்த ஒருநாள் சம்பளம் காணாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி முறையிடலாம் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. வாசித்தபோது எங்களுக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த வரியை வாசிக்கும் வரைக்கும். முறைப்பாட்டை எழுத்தில், பொருள் விற்கப்பட்டு 3 மாசத்துக்குள் கொடுக்க வேண்டும். மாமாவின் வண்டி ஒயில் குடிக்கத் தொடங்கியது அஞ்சாம் மாசம்.

3 மாசம் என்பது பூஞ்சணம் பிடித்த பிஸ்கட்டுக்குப் போதும். எஞ்சினுக்குப் போதாது. வருசக்கணக்கில் வொரண்டி கொடுக்கிற பொருளுக்கு, முறையிடுகிற கதவை மட்டும் மூணு மாசத்தில் சாத்துவது என்ன கணக்கு? எங்கள் ஓட்டோக்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகின்றன. அதே மாதிரி வண்டியை ஓசூரிலோ புனேயிலோ வாங்குகிற ஒருவருக்கு, அந்த நாட்டு நுகர்வோர் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருசம் இருக்கிறது. விற்ற நாளிலிருந்து இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து. சிங்கப்பூரில் 2012 செப்டெம்பரிலிருந்து இருக்கிற சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆறு மாசத்துக்குள் வெளிப்படுகிற குறை, பொருளைக் கையில் கொடுத்தபோதே இருந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. மாமா சிங்கப்பூரில் ஓட்டோ ஓட்டியிருந்தால் தப்பியிருப்பார். (அங்கே ஓட்டோ கிடையாது, தெரியும்.)

1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தை வைத்து நீதிமன்றம் போகலாமே என்று சட்டம் படிக்கிற ஒரு அக்கா சொன்னார். போகலாம். லோயருக்குக் காசு, தவணைக்குத் தவணை பதுளைக்குப் போக ஒருநாள் ஹயர் நட்டம், லீசிங்காரன் வாசலில். யார் போவார்கள்?

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லாவிட்டால் இது வெறும் ஒப்பாரியாகிவிடும். ஒயில் கம்பியை மாசத்துக்கு ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்காத டிரைவர்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கிறார்கள். விலை மலிவு என்று பழைய ஒயிலை வடிகட்டி விற்கிற போத்தலை வாங்கி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சேர்விஸ் பில்லை வைத்துக்கொள்வது கிடையாது. நாங்கள் கேட்டுப்போன வீடுகளில் இரண்டில் பில் சாமித்தட்டில் இருந்தது, ஒன்றில் பிள்ளையின் கொப்பிக்கு உறையாக இருந்தது. ஆனால் இந்த உண்மையை வைத்துக்கொண்டு மொத்தப் பேரையும் குற்றவாளியாக்குவது சுலபம் என்பதால்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. மாமா பில்லை எல்லாம் வைத்திருந்தார். தினமும் கம்பியை இழுத்துப் பார்த்தார். பார்த்ததை எழுதவில்லை, அது ஒன்றுதான் அவர் செய்யாதது. எழுதச் சொல்லி யாரும் சொன்னதில்லை. 2022இல் கியூஆர் அடித்து ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல் என்று நாடே கணக்கு வைத்தது. பெற்றோலுக்குக் கணக்கு வைக்கப் பழகியவர்களுக்கு ஒயிலுக்குக் கணக்கு வைப்பது பெரிய வேலையில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம் என்றால், 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டது. அஞ்சு வருசம் பழைய வண்டியை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் புது வண்டி கேட்டுப் பதுளைக்குப் போகிறார்கள். விலை 2018 மாதிரி இல்லை, அதனால் லீசிங்கும் அப்போதைப்போல இல்லை. இந்தத் தடவையும் 'கொஞ்சம் குடிக்கும்' என்ற ஒரு வார்த்தையில் வீடுகள் போகக் கூடாது.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒரு எஞ்சின் எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் அது குறை என்று வொரண்டி புத்தகத்தில் எண்ணால் எழுது, அதைத் தமிழிலும் எழுது. பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ இருக்கிற ஒரு பாஸுக்குப் பயிற்சி கொடுத்து, அவர் திறந்து பார்த்தால் வொரண்டி சாகாது என்று ஒப்புக்கொள். ரோடு அடைபட்ட நாட்களைக் கழித்துப் பார். அந்த 3 மாசத்தை, குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணு. கடைசியாகச் சொன்னது பாராளுமன்றத்து வேலை. எங்கள் மாவட்டத்திலிருந்து போனவர்களுக்கு ஒரு கேள்வி கேட்கவாவது முடியாதா?

அது வரைக்கும் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். போன லீவில் 80 பக்கக் கொப்பிகள் வாங்கி, பக்கத்துக்கு அஞ்சு கோடு போட்டோம்: திகதி, மீற்றர், கம்பியில் ஒயில் எங்கே நின்றது, எவ்வளவு ஊற்றினேன், பில் இருக்கிறதா. முதல் பக்கத்தில் பாவனையாளர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தையும் அந்த 3 மாசக் கணக்கையும் பெரிய எழுத்தில் எழுதினோம். ஸ்டாண்டில் கொடுத்தபோது சிரித்தார்கள். "தங்கச்சி, எங்களயும் டியூசனுக்குச் சேர்த்துட்டீங்களா?" என்றார் ஒரு அண்ணன். வாங்கிய பதினொரு பேரில் எழுதுகிறவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் சித்திரையில் எடுத்த புது வண்டிக்காரர். அவருடைய வண்டியும் குடிக்கிறது. முதல் மூணு வாரக் கணக்கோடு கொப்பியைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் வழக்கம்போல "சாதாரணம்" என்று தொடங்கியிருக்கிறார். இவர் கொப்பியை விரித்து வைத்து, "எத்தனை மில்லி வரைக்கும் சாதாரணம்னு இதில எழுதி சைன் வச்சுக் குடுங்க மாத்தயா" என்றிருக்கிறார். அந்த ஆள் சைன் வைக்கவில்லை. உள்ளே போய் யாரையோ கூட்டிக்கொண்டு வந்தார். ஒயிலை நிரப்பி, மூடிக்கு மார்க் போட்டு, ஆயிரம் கிலோமீற்றரில் திரும்ப வரச்சொல்லியிருக்கிறார்கள். 3 மாசம் தாண்டுவதற்குள் அதிகார சபைக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டாயிற்று, பதிவுத்தபால் துண்டு கொப்பியில் ஒட்டியிருக்கிறது. இதை எழுதும்போது வண்டி 640இல் நிற்கிறது.

வொரண்டி புத்தகம் வீட்டில் இருக்கிற எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஒயிலைப் பற்றிய பக்கத்தைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஆங்கிலமோ சிங்களமோ பரவாயில்லை, தமிழில் எழுதித் திருப்பி அனுப்புகிறோம். கொப்பி வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். கோடு போட ஆட்கள் இருக்கிறோம்.